கணினித் திரையில் தமிழ் நூல்: படிக்கும் கருவிகள் குறித்து ஒரு மதிப்பீடு

நூல்களை மதிப்பிடுவது தமிழறிஞர்க்குப் பழகிய தொழில். பாடம் செம்மையானதா, உரை மூலத்தோடு ஒட்டி நிற்கிறதா, அச்சுப்பிழை மலிந்துள்ளதா என்று நுணுகிப் பார்த்து எழுதும் மரபு நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. ஆனால் நூலைத் தாங்கி நிற்கும் பொருளை மதிப்பிட வேண்டிய தேவை நம் முன்னோர்க்கு அவ்வளவாக எழவில்லை. தாள் முரடாயிருக்கலாம், கட்டு நெகிழ்ந்திருக்கலாம், எனினும் தாள் தன்மேல் பதிந்த எழுத்தை இடம் மாற்றிக் காட்டுவதில்லை. கணினித் திரையோ மாற்றிக் காட்டும். ஒரே நூற்கோப்பு ஒரு மென்பொருளில் செவ்விய தமிழாகவும், மற்றொன்றில் கொம்பு ஒருபுறமும் கால் ஒருபுறமுமாகச் சிதறியும் தோன்றக் காண்கிறோம். ஆதலின் மின்னூல் படிக்கும் மென்பொருளும் திறனாய்வுக்கு உரிய பொருளே என்று கொண்டு, மேசைக் கணினியில் இன்று கிடைக்கும் சிலவற்றைத் தமிழாசிரியர் நோக்கில் ஈண்டு ஆராய்வோம்.

சுங்கை பெசார் என்னும் மலாய்ப் பெயருக்குப் பேராறு என்பது பொருள். அங்கிருந்து தெற்கே செகிஞ்சான், தஞ்சோங் காராங் வழியாகக் கோல சிலாங்கூர் வரையில் கடலோரமாக நெல்வயலும் தென்னையும் செம்பனையும் தொடர்கின்றன. அம்மாவட்டத்தின் உட்பகுதியில்தான், பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் தென்னமரம் தோட்டத்தில், 1917ஆம் ஆண்டு மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைப் பயிர் ஊன்றப்பட்டது. பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் தமிழர் கைகள் உழைத்த இந்நிலத்தில், தோட்டந்தோறும் ஒரு தமிழ்ப்பள்ளி எழுந்த காலம் ஒன்று இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மக்கள் நகரங்களை நாடியும் போனபின், எஞ்சிய பள்ளிகள் பலவற்றில் மாணவர் தொகை சுருங்கிவிட்டது. 150 பேருக்குக் குறைந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வி அமைச்சு அதனை வகைப்படுத்தும். இத்தகைய பள்ளியின் நூலகம் பெரும்பாலும் ஓர் அலமாரி. அதில் தமிழ் நூல் இரண்டு தட்டு. கோலாலம்பூர்ப் புத்தகக் கடைக்குச் சென்று திரும்ப ஒரு நாள் ஆகும். ஆனால் ஆசிரியர் அறையில் ஒரு மேசைக் கணினி இருக்கிறது. அதற்குள் ஓராயிரம் தமிழ் நூல்களை வைக்க முடியும் என்பதே நம் ஆராய்ச்சிக்கு அடிப்படை.

நூல்கள் எங்கே என்று கேட்போர்க்கு விடை உண்டு. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. அதன் முதல் நூல் திருக்குறள். உலகெங்கும் உள்ள தமிழன்பர்கள் ஊதியமின்றித் தட்டெழுதியும் மெய்ப்புப் பார்த்தும் சங்க நூல் முதல் புதினம் வரை சேர்த்துள்ளனர். 2005இல் தோன்றிய நூலகம் என்னும் அமைப்பு ஈழத்து ஏடுகளைக் காத்து வருகிறது. 2013இல் எழுந்த இலவசத் தமிழ் மின்னூல் தளம், இக்கால எழுத்தாளர் பலருடைய நூல்களை அவர்கள் இசைவோடு ஈபப் முதலிய பல வடிவங்களில் வழங்குகிறது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஏறியுள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் வேறு. இவையெல்லாம் பொருட்செலவின்றிக் கிடைப்பவை.

இந்நூல்களை இரு வகையாகப் பகுத்துக்கொள்ளுதல் வேண்டும். ஒன்று படநூல், மற்றொன்று எழுத்துநூல். பழைய அச்சுப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து அடுக்கி வைத்தது படநூல். அது பெரும்பாலும் பிடிஎஃப் வடிவில் வரும். எழுத்துநூலில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனிக் குறியீடாகப் பதிந்திருக்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடங்கித் திரைக்கேற்ப ஒழுங்காகும். ஈபப் என்பது இவ்வகைக்குச் சிறந்த வடிவம். இவ்வேறுபாடு அறியாமல், படநூலுக்கு உரிய கருவியால் எழுத்துநூலையும், எழுத்துநூலுக்கு உரிய கருவியால் படநூலையும் திறந்து பார்த்துவிட்டுக் கணினியில் தமிழ் படிக்கவே முடியவில்லை என்று சலிப்போர் பலர்.

எழுத்துநூலில் முதல் சோதனை எழுத்தே. கெ என்னும் எழுத்தை நாம் தாளில் எழுதும்போது கொம்பை முதலில் இட்டுப் பின்னரே ககரத்தை எழுதுகிறோம். ஒருங்குறி முறையில் கணினியின் நினைவில் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாகவே இவ்வெழுத்து நிற்கும். இது பிறர் நம்மீது ஏற்றிய கோணல் முறை என்று சிலர் சினப்பதுண்டு. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் தோன்றும் என்று தொல்காப்பியம் வகுத்த முறையே கணினியின் நினைவிலும் அமைந்துள்ளது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கலாம். நினைவில் இலக்கண முறை. திரையில் எழுத்தாணி முறை. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பொறுப்பு மென்பொருளுடையது. அப்பொறுப்பை உணராத பழைய மென்பொருள்கள், கொம்பைக் ககரத்தின் வலப்புறம் நிறுத்தி, அடியில் ஒரு புள்ளி வட்டமும் இட்டுக் காட்டும். படிப்பவர் கண்ணுக்கு அது தமிழன்று, தமிழின் உதிரிகள்.

ஆதலின் எந்த மென்பொருளையும் ஏற்குமுன், கொ, கோ, கௌ, ணை, றா, னை, டு, ஞூ, க்ஷ, ஸ்ரீ ஆகிய எழுத்துகள் வரும் ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க. இவை பத்தும் நேராக நின்றால் மற்றவையும் பெரும்பாலும் நிற்கும். விண்டோசு 8 முதலாக நிர்மலா என்னும் எழுத்துரு கணினியோடு சேர்ந்தே வருவதால், புதிய கணினிகளில் இத்தொல்லை குறைந்துவிட்டது. ஆப்பிள் கணினியைப் பயன்படுத்துவோர்க்கு ஒரு மகிழ்ச்சிச் செய்தி: அதில் உள்ள இணைமதி எழுத்துரு நம் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் வடித்தது. 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய கைகளே உலகெங்கும் அக்கணினியில் தமிழுக்கு வடிவு தந்தன என்பதை நம் மாணவர்க்கு ஆசிரியர்கள் சொல்லலாம்.

எழுத்துச் சிதைவை நாம் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தோட்டத்துப் பிள்ளை ஒன்று அதே திரையில் மலாய்ப் பாடத்தையும் ஆங்கிலப் பாடத்தையும் பார்க்கிறது. அவை இரண்டும் பளிச்சென்று நிற்கின்றன. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டங்களும் வட்டங்களும் தோன்றுகின்றன. மென்பொருள் பிழை என்று அப்பிள்ளை எண்ணுமா? தன் மொழிதான் இக்கருவிக்கு ஒவ்வாதது என்று முடிவு கட்டிவிடும். அந்த முடிவை மாற்றப் பின்னர் எத்தனை மேடைப் பேச்சு பேசினாலும் பயனில்லை. ஆகவே மாணவர் முன் திறக்கும் நூலை ஆசிரியர் முந்தின நாளே அதே கணினியில் திறந்து பார்ப்பது இன்றியமையாதது.

ஒருங்குறிக்கு முற்பட்ட குறியீடுகளால் விளையும் இடரும் ஒன்று உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் திஸ்கி, டாப், டாம் எனப் பல முறைகள் வழங்கின. அக்காலத்துக் கோப்புகள் உரிய எழுத்துரு இருந்தால் மட்டுமே தமிழாகத் தோன்றும். சில நூல்கள் எழுத்துருவைத் தம்முள்ளே பொதிந்து வருவதால் பார்வைக்குக் குறையின்றி இருக்கும். ஆனால் ஒரு வரியை எடுத்து வேறோரிடத்தில் ஒட்டிப் பார்த்தால் அது உரோமன் எழுத்துகளின் குப்பையாக விழும். அத்தகைய நூலில் சொல் தேட முடியாது. கணினியைப் படிக்கச் சொல்ல முடியாது. எழுத்துருவை மாற்றவும் முடியாது. எனவே ஒரு வரியை ஒட்டிப் பார்த்தல் என்பது நூலுக்கு நாம் வைக்கும் இரண்டாம் சோதனை. இதில் தோற்றால் குற்றம் நூலினுடையது. மென்பொருளை நோவதில் பயனில்லை. பிடிஎஃப் நூல்களில் ஒருங்குறியில் எழுதப்பட்டவைகூட இச்சோதனையில் தவறுவதுண்டு. அச்சுக்கென உருமாறியபோது எழுத்துகளின் வரிசை குலைந்து, கொம்பு முன்னும் மெய் பின்னுமாக வெளிவருவதே காரணம்.

இனி, தமிழாசிரியர் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு கேள்விக்கு வருவோம். இம்மென்பொருள்கள் செய்யுளை என்ன செய்கின்றன?

உரைநடையில் வரி எங்கே மடங்கினும் பொருள் கெடாது. செய்யுளில் வரி என்பது அடி. அது யாப்பின் உறுப்பு. குறள் வெண்பாவின் முதலடி நான்கு சீரும் இரண்டாமடி மூன்று சீரும் உடையது. எழுத்தைச் சற்றே பெரிதாக்கினால் போதும், முதலடியின் நான்காம் சீர் கீழே விழுந்து தனி வரியாகிவிடும். பார்க்கும் மாணவன் மூன்றடிச் செய்யுள் என்று எண்ணுவான். நேரிசை வெண்பாவில் தனிச்சொல் எங்கே நிற்கிறது என்று காட்ட முடியாது. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வரும் எதுகையை மேலிருந்து கீழாக விரல் வைத்துக் காட்டுவது வகுப்பறை வழக்கம். மடங்கி விழுந்த சீர் நடுவே புகுந்தால் விரல் தடுக்கும். நெடிய ஆசிரிய அடிகளும் விருத்த அடிகளும் படும் பாட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. நல்ல அச்சகத்தார் இவ்விடரை நெடுநாள் முன்னரே அறிந்திருந்தனர். அடி மடங்க நேர்ந்தால் மடங்கிய பகுதியை உள்தள்ளி அச்சிட்டு, இது புதிய அடியன்று என்று கண்ணுக்குக் காட்டினர்.

மின்னூலிலும் அதைச் செய்யலாம். ஒவ்வோர் அடியையும் தனிப் பத்தியாகக் குறித்து, மடங்கினால் உள்தள்ளுக என்று ஒரு விதி எழுதிவிட்டால் போதும். ஆனால் கிடைக்கும் தமிழ் மின்னூல்களில் பலவும் அடிகளுக்கிடையே வெறும் வரிமுறிவை மட்டும் இட்டுச் செல்கின்றன. அப்படிப்பட்ட நூலில் மென்பொருள் எவ்வளவு நல்லதாயினும் அடியையும் மடங்கலையும் பிரித்தறிய வழியில்லை. மின்னூல் ஆக்குவோர் இதனைக் கருத்தில் கொள்வது நன்று. அதுவரையில் ஆசிரியர் செய்யத்தக்கது, இரு பத்தியாகப் பக்கத்தைப் பிளந்து காட்டும் அமைப்பை நீக்கி ஒரே பத்தியாக வைத்துக்கொள்வதும், செய்யுட் பக்கத்தில் எழுத்தளவை ஒருபடி குறைப்பதுமே.

உரைநடைப் பக்கத்தில் வேறொரு குறை கண்ணை உறுத்தும். இருபுறமும் நேர்கோடாக வரிகளை நிரப்பும் வழக்கம் ஆங்கிலத்துக்குப் பொருந்தும். அதன் சொற்கள் சிறியவை. நம் சொற்கள் உருபும் விகுதியும் சாரியையும் ஏற்று நீண்டு நிற்பவை. சொல்லை முறிக்காமல் வரியை நிரப்ப முயன்றால் ஒரு வரியில் மூன்றே சொற்கள் நின்று, இடையே ஆறு ஓடும். பழைய அச்சுக்கோப்பாளர் எந்த உயிர்மெய்க்குப் பின்னும் சொல்லை முறித்து, புள்ளி எழுத்து மட்டும் வரியின் தலையில் வாராமல் காத்தனர். இம்முறிப்பு விதிகள் கணினிக்கும் எழுதப்பட்டுள்ளன. எனினும் எல்லா மென்பொருளும் அவற்றை நூலுக்கு நூல் ஒழுங்காகக் கையாளுவதில்லை. வலப்புறத்தை ஒழுங்கின்றி விட்டுவிடுவதே இப்போதைக்குப் படிக்க இனியது என்பது நம் கருத்து.

நிற்க. மென்பொருள்களைத் தனித்தனியே நோக்குவோம்.

சுமத்ரா என்னும் மென்பொருளின் பெயர் நமக்கு அணிமையானது. சுங்கை பெசார்க் கடற்கரைக்கு எதிரே நீரிணைக்கு அப்பால் உள்ள தீவின் பெயர் அது. 2006இல் வெளிவந்த இது விண்டோசில் மட்டும் இயங்குவது. மிகச் சிறியது, கணினியில் நிறுவாமலே விரலியிலிருந்து இயக்கலாம். பள்ளிக் கணினியில் புதிய மென்பொருள் நிறுவ இசைவு பெறுவதற்கே ஒரு பருவம் கழியும் இடங்களில் இஃது ஒரு பெரும் நலம். படநூலைத் திறக்க இதனினும் விரைவானதை நாம் பயன்படுத்தியதில்லை. இருநூறு பக்கப் பழம்பதிப்பையும் கணத்தில் புரட்டும். ஈபப் நூலையும் இது திறக்கும் என்று சொல்லப்பட்டாலும், தமிழ் எழுத்துநூலுக்கு இதனைப் பரிந்துரைக்க நமக்கு மனமில்லை. எழுத்துருவையும் வரியிடைவெளியையும் வேண்டியவாறு மாற்ற இதில் போதிய வாய்ப்பு இல்லை.

தோரியம் என்பது பாரிசில் உள்ள ஐரோப்பிய மின்வாசிப்பு ஆய்வகம் 2019இல் வெளியிட்ட இலவச மென்பொருள். ஈபப் நூலைத் திறப்பதே இதன் முதன்மைத் தொழில். பார்வை குன்றியோர்க்கும் பயன்பட வேண்டும் என்னும் நோக்கோடு ஆக்கப்பட்டது. எழுத்து செவ்வையாக நிற்கிறது. எழுத்தளவு, வரியிடைவெளி, பத்தி எண்ணிக்கை, இடப்புற ஒழுங்கு ஆகியவற்றை ஒரே பலகையில் மாற்றலாம். கண்ணை உறுத்தும் பொத்தான்கள் இல்லை. மாணவர் கையில் கொடுக்கத்தக்கது இதுவே. குறை, இது நினைவகத்தை மிகுதியாக உண்ணுவது. பத்தாண்டு கடந்த கணினியில் மூச்சு வாங்கும்.

கேலிபர் மற்ற இரண்டினும் வேறானது. கோவிட் கோயல் என்பவர், தாம் வாங்கிய சோனிப் படிப்பான் தம் கணினியோடு ஒத்துழையாமையால் 2006இல் தமக்காக எழுதத் தொடங்கிய மென்பொருள் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. இதுவும் இலவசம். படிக்கும் கருவி என்பதைவிட நூலகம் நடத்தும் கருவி என்பதே இதற்குப் பொருந்தும். நூல்களை ஆசிரியர், பொருள், தொகுதி வாரியாக அடுக்கும். ஒரு வடிவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும். நூலின் உள்ளே புகுந்து பிழை திருத்தவும் இடந்தரும். இக்கடைசி வசதி தமிழாசிரியர்க்குப் பொன் போன்றது. படத்திலிருந்து கணினி தானே படித்தெடுத்த விக்கிமூல நூல்களில் மெய்ப்புப் பார்க்கப்படாத பக்கங்கள் பல. காலுக்குப் பதில் ரகரமும், கௌ என்பதற்குப் பதில் கெ, ள என்னும் இரண்டு எழுத்தும் அவற்றில் மலிந்து கிடக்கும். ஆசிரியர் வகுப்புக்குக் கொண்டுசெல்லும் படியை மட்டுமேனும் திருத்திக்கொள்ளலாம்.

செய்யுள் குறித்து மேலே சொன்ன உள்தள்ளல் விதியையும், நூல் அதற்கேற்பக் குறிக்கப்பட்டிருப்பின், கேலிபரில் நாமே எழுதிச் சேர்க்கலாம். இன்னொன்று: இதில் உள்ள நூல் வழங்கியை இயக்கினால், அதே பள்ளி வலையத்தில் உள்ள மற்றக் கணினிகளும் கைப்பேசிகளும் உலாவி வழியே அந்நூல்களைத் திறக்க முடியும். வெளி இணையம் வேண்டுவதில்லை. மழை பெய்தால் இணைப்பு அறும் தோட்டத்துப் பள்ளிக்கு ஒரே கணினி நூலகமாகிவிடும். ஆனால் கேலிபரின் முகப்பு பொத்தான்களால் நிறைந்தது. முதல்முறை திறப்பவர் அஞ்சி மூடிவிடக்கூடும். 2022இல் வந்த ஆறாம் பதிப்பு முதல் விண்டோசு 10உம் 64 துணுக்குக் கணினியும் வேண்டும் என்பதையும் நினைவில் வைத்தல் நலம்.

அந்த ஆறாம் பதிப்பில்தான் நூலகம் முழுவதும் ஒரு சொல்லைத் தேடும் வசதி சேர்ந்தது. ஒரு சொல்லாட்சியை நூல் நூலாகத் தேடி ஏட்டில் குறித்த தலைமுறையினர்க்கு இதன் அருமை தெரியும். எனினும் தேடுவோர் இலக்கணம் அறிந்திருக்க வேண்டும். மரம் என்று எழுதித் தேடினால், வெறும் எழுத்தை ஒப்பிடும் கருவிக்கு மரத்தை, மரத்தினின்று என்பவை அகப்படா. மகரம் கெட்டு அத்துச்சாரியை புகுந்தது அதற்குத் தெரியாது. மர என்று குறுக்கித் தேடினாலோ மரபும் மரணமும் கூடவே வந்து குவியும். மரத் என்று தகர ஒற்று வரை எழுதித் தேடுக என்று சொல்லிக்கொடுக்க ஒரு தமிழாசிரியர் வேண்டும். புணரியல் பாடத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி அரிது. எந்த வடிவம் அகப்படாமல் போயிற்று, ஏன் என்று மாணவரையே கேட்கலாம்.

கிண்டில் மென்பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016 டிசம்பரில் அமேசான் நிறுவனம் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழி நூல்களைக் கிண்டிலில் கொணர்ந்தது. இக்காலப் புதினங்களும் சிறுகதைகளும் பல அங்கு மட்டுமே மின்வடிவில் கிடைக்கின்றன. எழுத்து நன்றாகவே நிற்கிறது. நம் தயக்கம் வேறு. அங்கே பணம் கொடுத்துப் பெறுவது நூலா, நூலைப் பார்க்கும் இசைவா என்பது கேள்வி. 2009ஆம் ஆண்டு ஆர்வெல் எழுதிய நூல்கள் சிலவற்றை, உரிமைச் சிக்கல் காரணமாக, வாங்கியவர் கருவிகளிலிருந்தே அந்நிறுவனம் நீக்கிற்று. 2025 பிப்ரவரியில், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கம்பிவழி கருவிக்கு மாற்றும் வழியையும் அடைத்துவிட்டது. மைக்குரோசாப்டு நிறுவனமோ 2019இல் தன் மின்னூற் கடையையே மூடிப் பணத்தைத் திருப்பித் தந்தது, நூல்கள் மறைந்தன. அதே ஆண்டு அதன் உலாவியிலிருந்து ஈபப் படிக்கும் வசதியும் நீங்கிற்று. பழஞ்சுவடிகளைக் கறையானும் வெள்ளமும் தின்ற கதையைப் பாடம் நடத்தும் நாம், நம் பள்ளி நூலகத்தைப் பூட்டும் திறவுகோலும் பிறர் கையில் உள்ள இடத்தில் வைப்பது தகாது. தமக்கென ஒருவர் வாங்கிப் படிப்பதை நாம் தடுக்கவில்லை. பள்ளிக்கென்று சேர்ப்பவை மட்டும் பூட்டில்லாத ஈபப் கோப்புகளாக, இரண்டு படியாக, இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

வாய்விட்டுப் படிக்கும் வசதி பற்றிச் சுருங்கச் சொல்வோம். விண்டோசில் தமிழ்மொழிப் பொதியை நிறுவினால் வள்ளுவர் என்னும் பெயருடைய ஆண்குரல் கிடைக்கிறது. மைக்குரோசாப்டின் இணையவழிக் குரல்களில் மலேசியத் தமிழுக்கென்றே கனி, சூர்யா என இரு குரல்கள் உள்ளன. இவற்றுக்கு இணைப்பு வேண்டும். உரைநடையை இக்குரல்கள் ஓரளவு நன்றாகவே படிக்கின்றன. செய்யுளை இவற்றிடம் ஒப்படைப்பது வீண். அசையும் சீரும் ஓசையும் இவற்றுக்கு எட்டவில்லை. பார்வை இழந்த ஒரு மாணவனுக்கு இக்குரல் எவ்வளவு பெரிய வாயில் என்பதை மறவாமல்தான் இதனைச் சொல்கிறோம்.

அகராதி ஒன்றும் இம்மென்பொருள்களோடு தமிழுக்கென வருவதில்லை. ஆனால் கேலிபரில், நாம் விரும்பும் இணைய அகராதியின் முகவரியைச் சேர்த்துவைத்து, நூலில் ஒரு சொல்லைத் தொட்டவுடன் அங்கே பொருள் தேடச் செய்யலாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இணையத்தில் இருப்பதால் அதனை இவ்வாறு இணைக்க முயலலாம். தொட்ட சொல் உருபேற்று நின்றால் அகராதி கைவிரிக்கும். பகுதியைப் பிரித்து எழுத வேண்டும்.

இறுதியாக, நூலகம் அடுக்குவோர்க்கு ஒரு குறிப்பு. கேலிபர் ஆசிரியர் பெயரை மேனாட்டு முறையில் கடைச்சொல்லை முன்வைத்து அடுக்கும். உ. வே. சாமிநாதையர், மு. வரதராசனார் போன்ற பெயர்களுக்கு இது தற்செயலாகப் பொருந்திவிடுகிறது. தலைப்பெழுத்து பின்னே போய்ப் பெயர் முன்னே வருகிறது. ஆனால் மறைமலை அடிகளையும் இளங்கோ அடிகளையும் அடிகள் என்னும் குடும்பத்து உடன்பிறந்தாராக எண்ணி, அது அகர வரிசையின் தொடக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் அமர்த்திவிடும். அமைப்புப் பகுதியில் பெயரை உள்ளவாறே கொள்க என்று மாற்றிவிடலாம். அப்போது அடிகளார் இருவரும் தத்தம் இடம் சேர்வர், மு. வரதராசனார் முகரத்துக்குப் போய்விடுவார். நாம் முதல் முறையை வைத்துக்கொண்டு, அடிகள் என முடியும் பெயர்களை மட்டும் இடைவெளியின்றி ஒரே சொல்லாக எழுதி வருகிறோம்.